தேயிலைப் பெட்டி புகட்டும் பாடம்

சேலம் நகரில் பழம்பொருள் விற்கும் கடையொன்றில் சென்ற மாதம் ஒரு மரப்பெட்டியைக் கண்டோம். ஒட்டுப்பலகையால் செய்து, விளிம்புகளில் தகரப்பட்டை அடித்த பெட்டி அது. அதன் பக்கத்தில் தோட்டத்தின் பெயரும், இலையின் தரமும், நிகர எடையும் கறுப்பு மையில் பொறிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 50 கிலோ தேயிலை கொள்ளும். 'அந்தக் காலத்து டீப்பெட்டி' என்று கூறிய கடைக்காரர், புதிய பெட்டிக்குரிய விலையைக் காட்டிலும் அதிகமாகவே கேட்டார். உள்ளே ஓர் இலையும் இல்லை. ஆயினும் பெட்டிக்கு விலை உண்டு. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இப்பெட்டியின் சரித்திரத்தைச் சிறிது ஆராய்ந்தால், நெசவு செய்வோரும் பயிரிடுவோருமாகிய நமக்கு அதில் ஒரு முக்கியமான பாடம் இருப்பது புலனாகும்.

தேயிலை என்ற சொல்லிலேயே சீனா இருக்கிறது. அந்நாட்டின் பூஜியன் கரையோர மக்கள் இதனைத் 'தே' என்றனர். காண்டன் முதலிய பகுதியினர் 'சா' என்றனர். முன்னதிலிருந்து நமது தேயிலையும், பின்னதிலிருந்து சாயாவும் பிறந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் குடித்த தேயிலை முழுவதும் சீனச் சரக்கே. 1757 முதல் மேல்நாட்டாரின் கடல் வாணிபம் காண்டன் துறைமுகம் ஒன்றிலேயே அனுமதிக்கப்பட்டது. அங்கிருந்து மரப்பெட்டிகளில், ஈரம் புகாதிருக்க உட்புறம் ஈயத்தகடு பொருத்தி, தேயிலை கப்பலேறியது. அது விலை மிகுந்த பண்டம். ஆகையால் இங்கிலாந்தின் இல்லங்களில் அதனைச் சிறு பேழையில் இட்டுப் பூட்டி, சாவியை வீட்டுத்தலைவி தன் வசமே வைத்திருப்பாள். அப்பேழைக்கு வழங்கிய 'கேடி' என்ற பெயர், ஏறக்குறைய 600 கிராமைக் குறிக்கும் 'கட்டி' என்னும் மலாய் நிறைப் பெயரிலிருந்து வந்தது. பழம்பொருள் சேர்ப்போர் இன்று தேடி அலைவது இத்தகைய பேழைகளையே.

இந்த வாணிபத்தை நடத்தியவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். 1792இல் சேலம் சீமையைத் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற அதே கிழக்கிந்தியக் கும்பெனியார்தான். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணியைக் கட்டிய கை ஒன்று. காண்டனில் தேயிலைப் பெட்டியை எண்ணி வாங்கிய கை மற்றொன்று. இரண்டும் ஒரே உடம்பின் கைகள். 1773 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் மக்கள் கடலில் கவிழ்த்த 342 பெட்டிகளும் கும்பெனியார் அனுப்பிய சீனத் தேயிலையே. தேயிலைக்கு ஈடாகச் சீனர் முதலில் வெள்ளியைக் கேட்டனர். வெள்ளி குறையவே, இந்தியப் பஞ்சும் பின்னர் இந்திய அபினியும் சீனாவுக்குச் சென்றன. அபினி போனதும் பெட்டியில். தேயிலை வந்ததும் பெட்டியில். 1839இல் சீன அதிகாரி லின் ஸெஷூ ஏறக்குறைய 20,000 அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதைத் தொடர்ந்த போர் 1842 வரை நீடித்தது.

அதே 1839ஆம் ஆண்டு ஜனவரியில், அஸ்ஸாமில் விளைந்த தேயிலை முதன்முதலாக லண்டனில் ஏலத்துக்கு வந்தது. வந்தவை எட்டே பெட்டிகள். அவற்றைப் பார்த்துச் சீன வணிகர் எவரும் அஞ்சியிருக்க மாட்டார்கள். 1860களில்கூட இங்கிலாந்து குடித்த தேயிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சீனாவினுடையது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பத்துப் பங்காகச் சுருங்கி, மற்ற தொண்ணூறும் இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் வசமாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலையை அறிந்திருந்த நாடு, நாற்பது ஆண்டுகளில் ஒரு பெரிய சந்தையை இழந்தது எவ்வாறு?

காரணங்கள் பல. அவற்றுள் இரண்டினை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கலப்படம். சீனத் தேயிலையைப் பயிரிட்டவர்கள் சிறு குடியானவர்கள். அவர்களிடமிருந்து இலை பல தரகர்களின் கை மாறித் துறைமுகம் சேர்ந்தது. எந்த இலை எவருடையது என்பது பெட்டி மூடப்படும்போது எவருக்கும் தெரியாது. ஆதலின் பெட்டிக்குள் இருப்பதற்குப் பொறுப்பாளியும் எவரும் இல்லை. 1848 முதல் சீனாவின் தேயிலை நாடுகளில் மாறுவேடத்தில் பயணம் செய்து செடிகளையும் விதைகளையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ராபர்ட் பார்ச்சூன், ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்கு நீலச் சாயமும் ஜிப்சமும் ஏற்றப்படுவதை நேரில் கண்டு எழுதினார். நூறு பவுண்டு இலைக்கு அரைப் பவுண்டுக்கு மேல் இவை சேர்ந்தன என்பது அவர் கணக்கு. சீனர்கள் அதனைக் குடிப்பதில்லை. 'வெளிநாட்டார் இந்த நிறத்தைத்தான் விரும்புகிறார்கள்' என்று விடை கூறினார்களாம். லண்டன் கடைக்காரர்களும் யோக்கியர்கள் அல்லர். வேற்று இலைகளையும், ஒருமுறை காய்ச்சிய சக்கையையும் கலந்து விற்றவர்கள் அங்கே உண்டு. எனினும் பழி முழுவதும் சீனப் பெட்டியின் மீதே விழுந்தது. தோட்ட முதலாளிகளின் விளம்பரம் அதனை நன்கு பயன்படுத்திக்கொண்டது.

இரண்டாவது காரணம், நம் நெஞ்சைத் தொடுவது. தோட்டத் தேயிலை மலிவாக இருந்ததற்கு இயந்திரம் மட்டுமா காரணம்? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். காப்பிச் செடியை நோய் அழித்தபின் அம்மலைகள் முழுவதும் தேயிலையாயின. அங்கே கூடை சுமந்தவர்கள் யார்? கங்காணிகளின் முன்பணத்துக்குக் கட்டுண்டு, சேலம், திருச்சி முதலிய ஜில்லாக்களிலிருந்து போன நம் மக்களே. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கொடுமையாக வாட்டியது என்பதையும் மறக்கலாகாது. பெட்டியின் மீது தோட்டத்தின் பெயர் இருந்தது; இலை பறித்தவளின் பெயர் எங்கும் இல்லை.

ஆகவே சரித்திரம் நம் முன் வைப்பவை இரண்டு வழிகள். ஒன்று, பொறுப்பேற்க ஆளின்றிச் சிதறிக் கிடக்கும் சிறு உற்பத்தியாளர் வழி. அது சந்தையை இழந்தது. மற்றொன்று, ஒரே முத்திரையுடன் கூடிய முதலாளித் தோட்ட வழி. அது சந்தையை வென்றது, மனிதனை விழுங்கியது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. சிறு உற்பத்தியாளர்கள் தாமே ஒன்றுகூடி, ஒரு முத்திரையை ஏற்படுத்தி, அதற்குத் தாமே காவலராவது. நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் 1960களில் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை அமைத்ததும், 1965இல் அவற்றின் இணையமாக இண்ட்கோசர்வ் தோன்றியதும் இவ்வழியில்தான். 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்தபோது அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. கூட்டுறவு என்பது மந்திரம் அன்று. ஆயினும் பெட்டியின் மேல் எழுதும் உரிமை அவர்கள் கையில் இருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலம் வெண்பட்டுக்கும் அப்பெருமை உண்டு. மகிழ்ச்சியே. ஆனால் ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறது என்றும், பளிச்சென்ற வெண்மைக்காக இரசாயனம் சேர்கிறது என்றும் எழும் புகார்கள் இச்சமவெளிக்குப் புதியன அல்ல. 'வாங்குவோர் இந்த வெண்மையைத்தான் கேட்கிறார்கள்' என்பதே விடை. சீனாவில் சொன்ன விடையும் இதுவே அன்றோ? சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டமே இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும் ஏமாற்று நிற்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு பயிரிடுபவர் கலப்படம் செய்வதில்லை. தறியில் அமர்ந்தவர் பொய் முத்திரை குத்துவதில்லை. ஆனால் பெயர் கெட்டால் விலை இறங்குவது அவர்களுக்கே.

இவ்விடத்தில் நம் குற்றத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். விளைந்ததில் நல்லதை வெளி வியாபாரிக்கும், கழிவைச் சங்கக் கிடங்குக்கும் அனுப்பும் வழக்கம் அங்கத்தினரிடையே இருக்கிறது. சங்கம் எப்படியும் எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். சங்கமும் நல்ல சரக்குக்கும் மட்டமான சரக்குக்கும் ஒரே விலை கொடுத்து, அந்த எண்ணத்தை வளர்க்கிறது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்பது நாம் அறியாத பழமொழி அன்று.

நாம் கோருவன மூன்று. கிடங்கில் இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் துணிக்கட்டும், கொடுத்த அங்கத்தினரின் எண்ணைத் தாங்கி இருக்கவேண்டும். தரம் பார்க்கும் குழுவில் பயிரிடுவோரும் நெய்வோரும் முறை வைத்து அமரவேண்டும். முதல் தரத்துக்கு உயர்ந்த விலையும், மட்டமானதற்குக் குறைந்த விலையும் அன்றே அறிவிக்கப்படவேண்டும். இதனால் வேலை தாமதிக்கும், சிலர் மனம் வருந்தும் என்று நிர்வாகிகள் கூறலாம். உண்மைதான். ஆனால் சந்தையை இழந்தபின் மீட்க ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தாமதம் ஒரு பொருட்டன்று.

கடையில் கண்ட பெட்டியை நாம் வாங்கவில்லை. உள்ளிருந்த சரக்குப் போனபின் வெறும் முத்திரைக்கு விலை கிடைப்பது பழம்பொருள் கடையில் மட்டுமே. நம் சங்கத்தின் முத்திரை அக்கடைக்குப் போய்ச் சேரவேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இம்மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.