வேர்கள் தேடும் வழிகள்



சோழவந்தான் வயலில் ஒரு நெற்பயிரையும், திருமங்கலம் கரிசலில் பூத்து நிற்கும் ஓர் உளுந்துச் செடியையும் பிடுங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். நெல்லின் வேர் சல்லிவேர். தேங்கிய நீரில் மூச்சு முட்டாதிருக்க, வேருக்குள்ளேயே காற்றுச் செல்லும் வெற்றிடங்கள் அதற்குண்டு. உளுந்தின் வேரிலோ சிறுசிறு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கே வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன என்று பொருள். கூலி, செடி தரும் சர்க்கரை!

மணிச்சத்தின் கதை வேறு. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது. நாடிச் சென்றுதான் எடுக்க வேண்டும். மெல்லிய வேருடைய செடிகள் பெரும்பாலும் தாமே கிளைத்துத் தேடுகின்றன. தடித்த வேருடையவையோ, வேரினும் நுண்ணிய பூசண இழைகளைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. இந்தக் கூட்டுக்கு வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில் கிடைத்த கற்படிவங்கள் சான்று. அக்காலச் செடிகள் பலவற்றுக்கு முறையான வேரே கிடையாது. பூசணம் மட்டும் துணைக்கு வந்துவிட்டது!

மணிச்சத்து மிகுந்த மண்ணில் செடி இந்தத் துணையை நாடுவதில்லை. சர்க்கரையை மிச்சம் பிடித்துக்கொள்கிறது. சூப்பர் பாஸ்பேட்டை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு, 'வேம்' எனப்படும் வேர் உட்பூசணத்தையும் விலைக்கு வாங்கி இடுவோர் உண்டு. இரட்டைச் செலவல்லவா? முதலில் மண்ணைப் பரிசோதித்து, மணிச்சத்து எவ்வளவு இருக்கிறதென்று அறிந்த பின்னர் உரக்கடைக்குச் செல்லுங்கள்.