பேக்லிங்க் வேகமாகச் சேர்ந்தால் கூகுள் தண்டிக்குமா?

"ஒரே வாரத்தில் 500 பேக்லிங்க், கூகுள் முதல் பக்கம் உறுதி." சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வராமல் இருக்காது. அதைத் துறை தெரிந்த நண்பரிடம் காட்டினால், "அய்யய்யோ, அவ்வளவு வேகமா போட்டா கூகுள் பிடிச்சிரும். மாசத்துக்கு 20, 30-னு மெதுவா போடுங்க" என்பார்.

கேட்க நிதானமான ஆலோசனைதான். ஆனால் கூகுள் உண்மையில் பார்ப்பது வேகத்தையா? இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பணமும் போகும், மாதக்கணக்கில் உழைத்துப் பிடித்த இடமும் போகும்.

லிங்குக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஒரு தளம் இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்புதான் பேக்லிங்க். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒவ்வொரு லிங்க்கையும் ஒரு பரிந்துரையாகக் கணக்கிட்டது. பலரும் பரிந்துரைக்கும் ஒரு தளம் உங்களைப் பரிந்துரைத்தால், அதற்கு மதிப்பு கூடுதல்.

பரிந்துரைக்கு மதிப்பு வந்ததும் அது விலைக்கும் வந்துவிட்டது. தேடலில் மேலே வருவதற்காகப் பணமோ பொருளோ கொடுத்து லிங்க் வாங்குவது, "நீ எனக்கு, நான் உனக்கு" என்று அளவுக்கு மீறி மாற்றிக்கொள்வது, மென்பொருள் வைத்துத் தானாக உருவாக்குவது ஆகியவற்றை கூகுள் தன் விதிகளில் 'லிங்க் ஸ்பேம்' என்கிறது. அந்த விதிகளில் ஒரு நாளைக்கு இத்தனை, மாதத்துக்கு இத்தனை என்று எந்த எண்ணும் கிடையாது.

வேகம் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது?

ஒரு காப்புரிமை ஆவணத்திலிருந்து. 2003 இறுதியில் கூகுள் விண்ணப்பித்து, 2005 மார்ச்சில் பொதுவெளிக்கு வந்த அந்த ஆவணம், ஒரு பக்கத்தின் லிங்க் எண்ணிக்கை காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று கவனிப்பதைப் பற்றிப் பேசியது. திடீரென்று எகிறினால் அது ஸ்பேம் முயற்சியாக இருக்கலாம் என்றும் சொன்னது. 'லிங்க் வெலாசிட்டி' என்ற சொல் துறையில் பிடித்துக்கொண்டதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பலரும் விட்டுவிடுவது அதன் மறுபாதியை. பரபரப்பான விஷயம் என்றாலும் லிங்க் இப்படித் திடீரென்று குவியும் என்று அதே ஆவணம் சொல்கிறது. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலையை நினைத்துப் பாருங்கள். இஸ்ரோவின் பக்கங்களுக்கு உலகம் முழுக்க லிங்க் வந்தால், அதற்காக யாராவது தண்டிப்பார்களா? மேலும், காப்புரிமை வாங்கிவிட்டதாலேயே அந்த முறை நடைமுறையில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

கூகுளின் ஜான் முல்லரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு காலத்தில் எத்தனை லிங்க் என்பது விஷயமில்லை, செயற்கையான லிங்க் என்றால் வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும் சிக்கல்தான் என்பதே அவர் பதிலின் சாரம்.

மாட்டியவர்கள் எப்படி மாட்டினார்கள்?

அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கதை பிரபலம். 2010 இறுதியின் பண்டிகை விற்பனை நேரத்தில், உடை முதல் படுக்கை விரிப்பு வரை பல தேடல்களில் அந்தக் கடைதான் முதலிடம். 2011 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' தோண்டிப் பார்த்தபோது, சம்பந்தமே இல்லாத தளங்களின் 2,000-க்கும் மேற்பட்ட பக்கங்களில் அந்தக் கடைக்கு லிங்க் இருந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த கடை 71-வது இடத்துக்குப் போனது. "எங்களுக்குத் தெரியாது" என்ற நிறுவனம், தன் எஸ்.இ.ஓ ஆலோசகர்களை நீக்கியது.

2013 பிப்ரவரியில் பிரிட்டனின் இன்டர்ஃப்ளோராவுக்கும் இதே கதி. உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் விளம்பரக் கட்டுரைகள் வழியாக லிங்க் வாங்கிய அந்தப் பூ நிறுவனம், அங்கே அன்னையர் தினம் நெருங்கும் நேரத்தில் தன் பெயரைத் தேடினால்கூட வராத நிலைக்குப் போனது. சுமார் 11 நாளில் மீண்டது. பெரிய நிறுவனம் என்பதால் லிங்க்குகளை நீக்க ஆள் பலம் இருந்தது. நாலு பேர் நடத்தும் ஸ்டார்ட்-அப்புக்கு அது எங்கே இருக்கும்?

இந்த இரண்டிலும் பேசப்பட்டது லிங்க் வந்த வேகம் அல்ல. எங்கிருந்து, எதற்காக வந்தது என்பதுதான்.

இப்போது தண்டனை எப்படி வரும்?

ஒன்று, மேனுவல் ஆக்‌ஷன். கூகுள் ஊழியர்கள் பார்த்து எடுக்கும் நடவடிக்கை இது. சர்ச் கன்சோலில் தகவல் வரும். தப்பைச் சரிசெய்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று, அல்காரிதம். 2012 ஏப்ரல் 24-ல் வந்த பெங்குயின், ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தைப் பாதித்தது. அப்போது விழுந்தவர்கள் அடுத்த அப்டேட் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2014-க்குப் பிறகு அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய 2 ஆண்டுகள் நீண்டது. 2016 செப்டம்பரில் முறை மாறியது. தளத்தையே கீழே தள்ளுவதற்குப் பதிலாக, ஸ்பேம் லிங்க்கின் மதிப்பை மட்டும் கழிக்கத் தொடங்கினார்கள். 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரெய்ன் என்ற ஏ.ஐ. அமைப்பும் இந்த வேலைக்கு வந்தது.

இளம் நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இன்று காசு கொடுத்து வாங்கும் லிங்க்குகள் பலவற்றுக்கு நடக்கப்போவது தண்டனையே இல்லை, ஒன்றுமே நடக்காது. கூகுள் அவற்றைக் கணக்கில் எடுக்காது, உங்களுக்கு எந்தத் தகவலும் வராது. வெளி டூல்களில் மட்டும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும், ஏஜென்சியின் மாத அறிக்கையும் பளபளப்பாக இருக்கும். "தண்டனை வரலையே, அப்போ சேஃப்தான்" என்று மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மெதுவாக வாங்கினாலும் இதே கதைதான். 500-ஐ ஒரே வாரத்தில் வாங்காமல் 2 வருடத்துக்குப் பிரித்து வாங்கினால், வீணாவதும் 2 வருடத்துக்கு நீளும், அவ்வளவுதான்.

வேறு யாராவது நமக்கு ஸ்பேம் லிங்க் போட்டால்?

பெரும்பாலும் பதற வேண்டாம். அவற்றைத் தானே புறக்கணிப்பதாக கூகுள் சொல்கிறது. 2012-ல் வந்த 'டிஸவோ' கருவி, மேனுவல் ஆக்‌ஷன் வந்தவர்களுக்கும் முன்பு லிங்க் வாங்கி மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சுபவர்களுக்கும்தான். கண்ணில் பட்டதையெல்லாம் அதில் போட்டால், நல்ல லிங்க்கையும் இழக்க நேரிடலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

ஏஜென்சியிடம் "மாசம் எத்தனை லிங்க்?" என்று கேட்காதீர்கள். எந்தெந்தத் தளங்கள், அவர்கள் எதற்காக நமக்கு லிங்க் தரப்போகிறார்கள், பணம் கைமாறுகிறதா என்று கேளுங்கள். பட்டியலைக் காட்டத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விளம்பரத்துக்காகப் பணம் கொடுத்து லிங்க் பெறுவது தப்பில்லை; 2019-ல் வந்த 'ஸ்பான்சர்டு' குறியீடோ பழைய 'நோஃபாலோ'வோ அதில் இருக்க வேண்டும்.

நீங்களே ஏஜென்சியில் வேலை பார்ப்பவர் என்றால், "மாசம் 50 லிங்க்" என்ற டார்கெட் வரும்போது இதே கேள்விகளை மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். நாளைக்குத் தளம் விழுந்தால் முதலில் தேடப்படுவது லிங்க் போட்டவரைத்தான்.

உங்கள் கட்டுரை ஒன்று வைரலாகி ஒரே இரவில் ஆயிரம் லிங்க் வந்தால்? நிம்மதியாகத் தூங்குங்கள். சர்வர் தாங்குமா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.