வீட்டுக்குள்ளே விமானச் சண்டை!

மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர். எதிரே ஒரு பையன். கையில் விமானத்தை ஓட்டும் பிடி. காதில் எஞ்சின் இரைச்சல்.

திரையிலே விமானம் பறக்கிறது. எதிரி பின்னால் வருகிறான். பையன் பிடியை வளைக்கிறான். விமானம் புரள்கிறது. படபடவென்று துப்பாக்கி வெடிக்கிறது. எதிரி விழுந்தான்!

அம்மா கேட்கிறாள்: "ஏண்டா, நிஜ விமானமும் இப்படித்தானா?"

பையன் சொல்கிறான்: "ஆமாம் அம்மா! அப்படியே நிஜம்!"

அப்படியே நிஜமா?

இல்லை. அப்படி ஒரு ஆட்டத்தை இதுவரை யாரும் செய்யவில்லை. செய்யவும் முடியாது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு போர் விமானத்தையும் ஒரு போரையும் முழுசாக ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியுமா? சிலவற்றை வைக்க வேண்டும். சிலவற்றை விட வேண்டும்.

எதை வைத்தார்கள்? எதை விட்டார்கள்? விட்டதை வாங்குகிறவரிடம் சொன்னார்களா? கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

வானம் இல்லாத விமானம்

தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டப் பழகுவது புதிய எண்ணம் அல்ல.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்று ஓர் ஊர். அங்கே எட்வின் லிங்க் என்பவர் இருந்தார். அவருடைய தகப்பனாருக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்று ஊதத் துருத்தி வேண்டும். அதே மாதிரித் துருத்திகளைக் கொண்டு, 1929-ம் ஆண்டில் லிங்க் ஒரு குட்டி விமானம் செய்தார்.

அது பறக்காது. நின்ற இடத்திலேயே சாயும், நிமிரும், திரும்பும்.

முதலில் அதை விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்தார்கள். பொழுதுபோக்குப் பூங்காக்கள் அதை வாங்கி வைத்தன.

1934-ம் ஆண்டு வந்தது. அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைச் சுமந்து பறக்க வேண்டியதாயிற்று. குளிர்காலம். இரவு நேரம். பனிமூட்டம். வெளியே ஒன்றுமே தெரியாது. கருவிகளின் முள்ளைப் பார்த்தே ஓட்ட வேண்டும். அதில் பலருக்குப் பழக்கம் இல்லை. சில மாதங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதே ஆண்டில் ராணுவம் லிங்கின் யந்திரங்களில் 6 வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 5 லட்சம் பேர் அந்த மாதிரி யந்திரங்களில் பழகினார்கள்.

அந்த யந்திரத்தில் என்ன இருந்தது? பழகுகிறவர் உள்ளே உட்கார்ந்ததும் மேலே மூடியைப் போட்டு மூடி விடுவார்கள். வானம் கிடையாது. பூமி கிடையாது. மேகம் கிடையாது. எதிரே கருவிகளின் முள் மட்டும் ஆடும்.

வானத்தையே விட்டுவிட்டார் லிங்க்! ஆனால் இருட்டில் உயிரைக் காப்பாற்றும் பாடம் எதுவோ, அதை மட்டும் விடவில்லை.

விடுவதில் தப்பில்லை. எதை விடுவது என்று தெரிய வேண்டும். அதிலேதான் சாமர்த்தியம் இருக்கிறது.

ஒரு சிறு தகடு

இன்னொரு கதையைக் கேளுங்கள்.

1940-ம் ஆண்டு. இங்கிலாந்தின் வானத்திலே பெரிய சண்டை. ஆங்கிலேயரிடம் ஸ்பிட்ஃபயர் விமானம். ஜெர்மானியரிடம் மெஸ்ஸர்ஷ்மிட் விமானம். இரண்டும் சளைத்தவை அல்ல.

ஆனால் ஸ்பிட்ஃபயரிடம் ஒரு குறை இருந்தது. அதன் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் போகும். விமானத்தின் மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால், பெட்ரோல் ஒழுங்காகப் போகாது. எஞ்சின் திணறும். ஒரு கணம் நின்றே போகும்.

ஜெர்மன் விமானத்தில் பெட்ரோலை எஞ்சினுக்குள் நேராகவே பீய்ச்சினார்கள். அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஜெர்மானியன் என்ன செய்தான்? ஆபத்து வந்தால் மூக்கைக் கீழே தள்ளிப் பாய்ந்து தப்பினான். துரத்தியவனின் எஞ்சின் இருமிக் கொண்டிருந்தது!

1941-ம் ஆண்டில் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் எஞ்சினீயர் இதற்கு ஒரு வழி கண்டார். நடுவிலே துளை போட்ட ஒரு சிறு தகடு. அளவுக்கு மேல் பெட்ரோல் பாயாமல் அது தடுத்தது. உள்ளங்கையில் அடங்கும் தகடு. ஆனால் எத்தனையோ விமானிகளுக்கு அது உதவியது.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். 1940-ம் ஆண்டுச் சண்டையை ஒருவர் ஆட்டமாகச் செய்கிறார். இறக்கையின் ஆணிகளை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார். பெயிண்ட் உதிர்ந்த இடம்கூடத் தெரிகிறது. ஆனால் எஞ்சின் திணறுவதை விட்டுவிட்டார்.

கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் அது 1940-ம் ஆண்டுச் சண்டை ஆகுமா? ஆகாது. ஜெர்மானியன் தப்பிய வழியே அதில் இல்லையே!

இன்னொருவரின் ஆட்டத்தில் படம் சுமார்தான். ஆனால் எஞ்சின் திணறுகிறது. இவர்தான் நிஜத்துக்குக் கிட்டே போனவர்.

சம்பளம் ஒன்று, செலவு பல

"இரண்டையும் வைக்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

திரையில் விமானம் தடங்கல் இல்லாமல் பறக்க வேண்டுமானால், கம்ப்யூட்டர் விநாடிக்கு 60 படம் போட வேண்டும். அதாவது ஒரு விநாடியை 60 பங்காக்கி, அதில் ஒரு பங்குக்குள் எல்லா வேலையும் முடிய வேண்டும். காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது? குண்டு எங்கே போகிறது? எதிரி என்ன யோசிக்கிறான்? கீழே ஆறு, மலை, மரம் எப்படித் தெரிகின்றன? அத்தனைக்கும் கணக்குப் போட வேண்டும்.

இது குடும்பச் செலவு மாதிரி. சம்பளம் ஒன்றுதான். வாடகைக்கு அதிகம் போனால் அரிசிக்குக் குறையும். அழகுக்கு அதிகம் போனால் எதிரியின் மூளைக்குக் குறையும்.

செய்கிறவர்களின் நாட்களும் அப்படித்தான். அவர்களும் நம்மைப் போல் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களே. ஒரு சுவிட்சைச் சரியாகச் செய்ய ஒரு வாரம் போனால், அந்த வாரம் வேறு எதற்கும் கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டார்கள்

1998-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் மைக்ரோபுரோஸ் கம்பெனி "ஃபால்கன் 4.0" என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கொரியா நாட்டிலே போர் மூண்டால் என்ன ஆகும் என்பது கதை. எஃப்-16 விமானம்தான் கதாநாயகன்.

அவர்களுடைய ஆசை பெரியது. விமானமும் நிஜம் போல் இருக்க வேண்டும். போரும் நிஜம் போல் நடக்க வேண்டும். நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் போர் தானாகவே நடக்கும். டாங்கிகள் நகரும். பாலங்கள் உடையும். ஊர்கள் கைமாறும்.

இவ்வளவையும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தாங்குமா? அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். உங்கள் விமானத்தைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் வரும் டாங்கியும் விமானமும் தனித்தனியாக, முழுசாகக் கணக்கிடப்படும். வட்டத்துக்கு வெளியே? ஒரு படைக்கு மொத்தமாக ஒரு கணக்கு. அவ்வளவுதான்! நீங்கள் கிட்டே போனதும் அந்தப் படை விரிந்து தனித்தனி டாங்கிகள் ஆகும்.

கண் பார்க்காத இடத்தில் மிச்சம் பிடித்து, பார்க்கும் இடத்தில் செலவு செய்தார்கள். எதை விடுவது என்று தெரிந்தவர்களின் வேலை இது!

ஆனால் முடிவு என்ன? ஆசைக்குத் தக்க அவகாசம் இல்லை. ஆட்டம் பல குறைகளோடு வெளிவந்தது. காசு கொடுத்தவர்கள் பாதியிலே ஆட்டம் நின்று போவதைப் பார்த்தார்கள். 1999-ம் ஆண்டு முழுவதும் குறைகளைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், கம்பெனியை வாங்கியிருந்த ஹாஸ்ப்ரோ அந்த ஆபீசையே மூடிவிட்டது. செய்தவர்களுக்கு வேலை போயிற்று.

2000-ம் ஆண்டில் ஆட்டத்தின் மூல எழுத்து எப்படியோ வெளியே கசிந்தது. ஆடுகிறவர்களே அதை எடுத்துப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள். கூலி இல்லை. 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் "பெஞ்ச்மார்க் சிம்ஸ்" என்ற குழு அதை வளர்த்து வருகிறது. இன்றும் அதை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணம் உயர்ந்தது. அதனால்தான் அது சாகவில்லை. ஆனால் முடிக்காததை முடிந்தது போல் விற்றது சரியா? சரியில்லை என்றே நாம் சொல்லுவோம். வீட்டுக் கூரை போடுமுன் வீட்டை விற்றால் மழையில் நனைகிறவர் யார்? வாங்கியவர்தானே!

ஒன்றா, நூறா?

வேறு வழிகளில் போனவர்களும் உண்டு.

2001-ம் ஆண்டில் ரஷ்யாவிலிருந்து "ஐ.எல்.-2 ஸ்டுர்மோவிக்" என்ற ஆட்டம் வந்தது. பின்னால் வந்த தொகுப்பில் 200-க்கு மேற்பட்ட விமானங்கள் சேர்ந்தன. எஞ்சினைக் கிளப்ப ஒரு பட்டனைத் தட்டினால் போதும். நிஜ விமானத்தில் அப்படி இல்லை. ஆனால் ஒவ்வொரு விமானமும் காற்றில் எப்படித் திரும்பும் என்பதில் கவனம் வைத்தார்கள்.

2011-ம் ஆண்டில் ஈகிள் டைனமிக்ஸ் கம்பெனி ஏ-10 விமானத்தை ஆட்டமாகத் தந்தது. அமெரிக்க விமானப்படைப் பிரிவு ஒன்றுக்குச் செய்து கொடுத்த பயிற்சி ஆட்டத்திலிருந்து பிறந்தது இது. ஒரே விமானம். ஆனால் கிட்டத்தட்ட எல்லாச் சுவிட்சும் வேலை செய்யும். அதற்கான புத்தகம் 600 பக்கத்துக்கு மேல்! எஞ்சினைக் கிளப்பவே பல நிமிஷம் ஆகும்.

ஜப்பானில் நாம்கோ கம்பெனி "ஏஸ் காம்பாட்" என்ற ஆட்டத்தை 1995-ம் ஆண்டில் தொடங்கியது. அதில் ஒரு விமானம் டஜன் கணக்கில் ஏவுகணை சுமக்கும். நிஜமான எஃப்-16, வான்சண்டைக்குப் போகும்போது 6 ஏவுகணைதான் சுமக்கும். ஆனால் இந்த ஆட்டம் நிஜம் என்று யாரையும் ஏமாற்றவில்லை. கற்பனை நாடு, கற்பனைப் போர் என்று வெளிப்படையாகவே வைத்தார்கள்.

மூன்றில் எது உயர்ந்தது? மூன்றும் நல்லவைதான். ஒவ்வொன்றும் எதையோ விட்டது. விட்டதை மறைக்கவில்லை.

இப்போது இன்னொரு பழக்கம் வந்திருக்கிறது. விமானத்தை முடிக்கும் முன்பே விற்கிறார்கள். ஈகிள் டைனமிக்ஸின் எஃப்-16 அப்படித்தான் 2019-ம் ஆண்டில் வந்தது. பின்னர் ஆண்டுக்கணக்கில் பாகங்களைச் சேர்த்தார்கள். "இன்னும் முடியவில்லை" என்று சொல்லி விற்பதால் இது ஏமாற்று அல்ல. ஆனால் ஒன்றை முடிக்காமல் அடுத்ததை விற்கும் ஆசை யாருக்கும் வரலாம். அந்த ஆசைக்கு ஒரு கடிவாளம் வேண்டும்.

எந்த ஆட்டத்திலும் இல்லாதது

கடைசியாக ஒன்று. எவ்வளவு பணம் கொட்டினாலும் வீட்டு ஆட்டத்தில் வராத விஷயம் அது.

எஃப்-16 விமானம் வேகமாகத் திரும்பும்போது, விமானியின் உடம்பு 9 மடங்கு கனக்கும். 60 கிலோ ஆள் 540 கிலோ ஆனது போல இருக்கும். தலையிலிருந்து ரத்தம் இறங்கும். கண் இருளும். நினைவே தப்பிவிடலாம்.

ஆட்டத்தில் என்ன நடக்கும்? திரை கறுக்கும். பையன் நாற்காலியில் சாய்ந்து முறுக்கு கடித்துக் கொண்டிருப்பான்!

விழுந்த விமானியும் அப்படியே. ஆட்டத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் எழுந்து வருவான். நிஜத்தில் அவன் வீட்டுக்குத் துயரச் செய்தி போகும். 1934-ம் ஆண்டில் தபால் சுமந்து இறந்தவர்களுக்கு மறுபடி தட்ட ஒரு பட்டன் இருக்கவில்லை.

ஆகவே, ஆட்டம் செய்கிறவர்களுக்கு நாம் சொல்வது இது: எல்லாவற்றுக்கும் ஆசைப்படாதீர்கள். முக்கியமானதைத் தேர்ந்தெடுங்கள். அதை முடியுங்கள். விட்டதைப் பெட்டியின் மேலேயே எழுதுங்கள்.

பெற்றோர்களுக்குச் சொல்வது இது: பிள்ளையைத் திட்ட வேண்டாம். எஞ்சின், காற்று, சரித்திரம், பொறுமை எல்லாம் இந்த ஆட்டத்தில் கற்கலாம். ஆனால் "அப்படியே நிஜம்!" என்று அவன் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்.

"இதில் எதை விட்டிருக்கிறார்கள், சொல்லு பார்ப்போம்?"

அவன் யோசிப்பான். அந்த யோசனைதான் உண்மையான பாடம்.