எஃகுக்கு இனி ஒரே உலக விலை இல்லை

எஃகு விலை எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க, இரும்புத்தாது விலையையும் கோக்கிங் நிலக்கரி விலையையும் பார்ப்பதே வழக்கம். ஊதுலையில் ஒரு டன் எஃகு எடுக்க ஏறக்குறைய 1.6 டன் தாது வேண்டும் என்பதால் அதில் நியாயமும் இருந்தது. இப்போது அந்தக் கணக்கு பாதி தூரம்தான் வரும். தென்கொரியாவில் டன் 500 டாலருக்குக் கப்பலேறும் ஒரு தகட்டுச் சுருளை எடுத்துக்கொள்வோம். கப்பல் கூலியை விட்டுவிட்டால், அமெரிக்காவில் 50% வரியோடு அது 750 டாலர். இந்தியாவில் பாதுகாப்பு வரியின் முதலாண்டு விகிதமான 12%ஓடு 560. வரி போடாத துறைமுகத்தில் அதே 500. தாதும் உலையும் மாறவில்லை, சுங்கம்தான் மாறுகிறது. ஆகவே, வரும் சில ஆண்டுகளில் சுங்க மதில் கட்டிய நாடுகளில் எஃகு விலை உயர்ந்தே நிற்கும். பெரிதாகக் கட்டாத தென்கிழக்கு ஆசியா, மேற்காசியா, ஆப்பிரிக்கச் சந்தைகளில் அமுங்கியே கிடக்கும் என்பதே என் கணிப்பு.

இந்த விலைப் பிளவின் ஊற்றுக்கண் சீனா. உலக எஃகில் பாதிக்கு மேல் அங்கேதான் உருகுகிறது. 2021இல் எவர்கிராண்டே நிறுவனம் தடுமாறியதிலிருந்து வீட்டுமனைத் தொழில் எழுந்திருக்கவில்லை. கட்டடங்களுக்குப் போன கம்பிக்கும் தகட்டுக்கும் உள்ளூரில் ஆளில்லை. 2024இல் 11 கோடி டன்னுக்கு மேல் வெளியே போனது. சீனா உற்பத்தியைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். 2025இல் உற்பத்தி 100 கோடி டன்னுக்குக் கீழே இறங்கத்தான் செய்தது. ஆனால் அதே ஆண்டில் ஏற்றுமதி மேலும் கூடியது! உற்பத்தி குறைந்ததைவிட உள்ளூர்த் தேவை வேகமாகக் குறைந்ததே காரணம். ஊதுலை வீட்டு அடுப்பல்ல, இரவில் அணைத்துக் காலையில் பற்றவைக்க. நட்டத்திலும் எரியவிடுவதே பல ஆலைகளுக்கு மலிவு. உள்ளூர் அரசுகளுக்கோ வேலைவாய்ப்புக் கவலை. 2026 ஜனவரியில் தொடங்கிய ஏற்றுமதி உரிம முறை வேகத்தைத் தணிக்கலாம். என்றாலும், உலகில் 2024இல் உபரியாக நின்ற உற்பத்தித் திறன் சுமார் 60 கோடி டன் என்கிறது பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி. இது இந்தியாவின் அந்த ஆண்டு உற்பத்தியைப்போல் நான்கு மடங்கு.

ஒரு நாடு மதில் எழுப்பினால் அங்கே போகவிருந்த சரக்கு அடுத்த வாசலைத் தட்டுகிறது. அங்கும் மதில் எழுகிறது. அமெரிக்கா 2025 ஜூனில் வரியை 50% ஆக்கியது. அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம், வரியில்லா ஒதுக்கீட்டை ஏறத்தாழ பாதியாகக் குறைத்து, அதற்கு மேற்பட்டதற்கு 50% வரி விதிக்க முன்மொழிந்தது. 2026 முதல், இறக்குமதிப் பொருளின் கரிம உமிழ்வுக்கு விதிக்கும் கரிம எல்லை வரி வேறு. சீனத் தகட்டுச் சுருளுக்கு வியத்நாம்கூட வரி போட்டுவிட்டது. கினியின் சிமாண்டூ சுரங்கத்திலிருந்து புதிய தாது வந்து மூலப்பொருள் விலை தளர்ந்தாலும், மதிலுக்குள் இருப்பவருக்கு அது முழுதாக எட்டப்போவதில்லை.

மதில் உள்ளூர் ஆலைகளுக்கு மூச்சுவிட இடம் தருகிறது என்பது உண்மை. முதலீட்டுக்கு நிலையான விலை வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் எஃகை உருக்குவோரைவிட அதை வாங்கிப் பொருள் செய்வோர் எங்கும் அதிகம். தகட்டுக்கு மட்டும் வரி போட்டால், அந்தத் தகட்டில் செய்த பொருள் வெளியிலிருந்து மலிவாக வந்திறங்கும். அமெரிக்கா சில வாரங்களிலேயே துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டியில் உள்ள எஃகுக்கும் வரியை நீட்டியது இதனால்தான்.

இந்தியாவில் தகட்டு எஃகுக்கு 12%இல் தொடங்கிய வரி மூன்றாண்டுகளில் 11% வரை படிப்படியாகக் குறையும். டன் 675 டாலருக்குக் குறையாத விலையில் வரும் சூடாக உருட்டிய சுருளுக்கு வரியே இல்லை. அமெரிக்க வரியோடு ஒப்பிட்டால் இது மிதமானது, அளவறிந்து போட்டது. ஆனாலும் சுமை திருச்சியில் கொதிகலன் பாகம் செய்யும் பட்டறைகள் மீதும், ஓசூர், கோவை உதிரிபாகக் கூடங்கள் மீதும்தான் இறங்கும். பெரிய ஆலையோடு பேரம் பேசும் வலு அவர்களுக்கில்லை. மூன்றாண்டு முடிந்ததும் நீட்டிப்புக் கோரிக்கை நிச்சயம் வரும். அன்று ஆலைகளின் கணக்கோடு இந்தப் பட்டறைகளின் கணக்கையும் வாங்கிப் பார்க்காமல் மத்திய அரசு கையெழுத்திடக் கூடாது.