ரெய்டு போட்டாச்சு, இனி கவலை இல்லையா?

முதல்லயே சொல்லிடறேன். கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் யாராவது "நாலு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி வாங்கியாச்சு, ரெய்டும் போட்டாச்சு, எல்லாம் பத்திரம்"னு சொன்னா நம்பாதீங்க. அவர் பெட்டிதான் வாங்கியிருக்கார். பத்திரத்தை இன்னும் வாங்கலை.

இங்க புனேயில நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் ஸ்டுடியோ வெச்சிருக்கார். அரங்கேற்றம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம்னு நம்ம ஆட்கள் வீட்டு விசேஷங்கள்ல பாதி அவர் கேமராவுலதான் இருக்கு. நாஸ் வாங்கணும்னு ஒரு கடையில கேட்டு, கொடுத்த கொட்டேஷனை எனக்கு அனுப்பினார். பார்த்ததும் பத்திக்கிட்டு வந்தது. பத்து கிகாபிட் நெட்வொர்க் இருக்கு, வேகத்துக்கு எஸ்எஸ்டி இருக்கு, பேக்கப்புன்னு ஒரு வரி கூட இல்லை!

கணக்கு போட்டுப் பார்ப்போம். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துல பதிவு பண்ணினா, ஒரு மணி நேரத்துக்கு 45 கிகாபைட். மூணு கேமரா, எட்டு மணி நேரம்னா ஒரு கல்யாணத்துக்கு ஒரு டெராபைட்டுக்கு மேல. எடிட் பண்ணும்போது ஒரு கேமரா ஃபைலுக்கு நொடிக்கு 12.5 மெகாபைட் போதும். ரெண்டு பேர் ஆளுக்கு மூணு கேமரா ஃபைலைத் திறந்தாலும் 75 மெகாபைட்தான். சாதாரண ஒரு கிகாபிட் ஒயர் நொடிக்கு 110 மெகாபைட் வரைக்கும் தாங்கும். அப்புறம் யாருக்கு இந்தப் பத்து கிகாபிட்? இவ்வளவு பெரிய ஃபைலை வரிசையா படிக்கிற வேலைக்கு அந்த எஸ்எஸ்டியால பெரிய பலனும் கிடையாது.

சரி, ரெய்டுக்கு வருவோம். (வருமான வரி ரெய்டு இல்லீங்க!) 1988-ல பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆட்கள் மூணு பேர் எழுதின கட்டுரையில இருந்து வந்த பேர் அது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிக்கக்கூடாது, அதுதான் அதோட வேலை. ரெய்டு 5-ல நாலு 8 டெராபைட் டிஸ்க் போட்டா 24 கைக்கு வரும், ஒண்ணு போனா தாங்கும். புது டிஸ்க்கை மாட்டி அது திரும்ப நிரம்பி முடியறதுக்குள்ள இன்னொண்ணு போச்சுன்னா? மொத்தமும் போச்சு.

தப்பான ஃபோல்டரை ஒருத்தர் அழிச்சா ரெய்டு என்ன செய்யும்? எல்லா டிஸ்க்லயும் சமர்த்தா அழிக்கும். 1998-ல பிக்ஸார்லயே 'டாய் ஸ்டோரி 2' படத்தோட ஃபைல்கள் ஒரு தப்பான கட்டளையால அழிஞ்சுது. பேக்கப்பும் சரியா வேலை செய்யலை. கேலின் சஸ்மன்ங்கிற அம்மா வீட்டுல இருந்து வேலை பார்க்கிறதுக்காக வெச்சிருந்த கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருந்ததாலதான் படம் பிழைச்சுது. காப்பாத்தினது இன்னொரு இடத்துல இருந்த இன்னொரு காப்பி.

இன்னொரு வம்பு, வெளியூர்ல இருந்தும் பார்க்கணும்னு நாஸை நேரா இன்டர்நெட்டுக்குத் திறந்து வெக்கிறது. 2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட பழைய மை புக் லைவ் பெட்டிகள் பலதுல இருந்த ஃபைல்களை யாரோ தூரத்துல இருந்தே துடைச்சுட்டாங்க. 2022 ஜனவரியில டெட்போல்ட்ங்கிற ரான்சம்வேர் க்யூநாப் பெட்டிகளைப் பூட்டிட்டு பணம் கேட்டுது.

எதைத்தான் வாங்கறதுன்னு கேப்பீங்க. என் கட்சி இதுதான்: பட்ஜெட்டுல பாதி பெட்டிக்கு, பாதி காப்பிக்கு. பெட்டியில சிக்கனம் பண்ணுங்க, காப்பியில பண்ணாதீங்க. ரெண்டாவது காப்பி தனி டிஸ்க்லயோ மலிவான இன்னொரு நாஸ்லயோ இருக்கட்டும். அது ஸ்டுடியோவுல இருக்கக்கூடாது, வீட்டுல இருக்கணும். இதே புனேயில 2003-ல ஆவணக் காப்பகத்து நைட்ரேட் ஃபிலிம் சுருள்கள் தீயில போச்சு. 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல எத்தனை வீட்டு ஆல்பங்கள் ஊறிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். தீக்கும் தண்ணிக்கும் ரெய்டு தெரியாது.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகையான்னு கேட்டு வாங்குங்க. 2020-ல வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்குன்னே வித்த சில ரெட் டிஸ்க்குகள் எஸ்எம்ஆர்னு ஒத்துக்கிட்டுது. புது டிஸ்க்கை மாட்டி ரெய்டை நிரப்பும்போது அந்த வகை இழுத்தடிக்கும். எந்தக் கம்பெனி டிஸ்க்கை எல்லாம் பெட்டி ஏத்துக்கும்னும் பாருங்க. 2025-ல சினாலஜி புது பிளஸ் மாடல்களுக்குத் தான் அங்கீகரிச்ச டிஸ்க்தான்னு அடம் பிடிச்சு, எதிர்ப்பு வந்தப்புறம் அக்டோபர்ல இறங்கி வந்துது. கரண்ட் போற ஊர்ல யுபிஎஸ் இல்லாம எதையும் மாட்டாதீங்க.

"எல்லாத்தையும் கிளவுட்ல போட்டா போச்சு"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். 100 மெகாபிட் லைன்ல ஒரு டெராபைட் ஏத்த, லைன் ஒழுங்கா இருந்தாலே 22 மணி நேரம். முகூர்த்த மாசத்துல இது நடக்கிற கதையா? எடிட் முடிஞ்ச படத்தை மட்டும் தாராளமா ஏத்துங்க.

"சின்ன ஸ்டுடியோ, இதுக்கெல்லாம் காசு எங்க சார்?" நியாயமான கேள்விதான். ஆனா பத்து கிகாபிட்டுக்குக் காசு இருந்துதே? எல்லாத்தையும் காலத்துக்கும் வெச்சிருக்கவும் வேண்டாம். எத்தனை மாசம் வெச்சிருப்பீங்கன்னு பில்லுலயே எழுதிடுங்க, அது முடிஞ்சா சொல்லிட்டு அழிங்க.

கடைசியா, வீட்டுக்காரங்களுக்கு. ஊர்ல இருந்து ரெண்டு நாள் ரயில்ல வந்து ஆசீர்வாதம் பண்ணின பாட்டி அடுத்த விசேஷத்துக்கு இருப்பாங்களான்னு யாருக்கும் தெரியாது. அந்தக் குரலை மறுபடி எடுக்க முடியாது. அட்வான்ஸ் கொடுக்கும்போது டிரோன் உண்டான்னு கேக்கறோம் இல்லையா? அதோட இதையும் கேளுங்க: எத்தனை காப்பி, எங்க எங்க, எத்தனை மாசம்? பதில் சொல்லத் தடுமாறினா வேற ஆளைப் பாருங்க.