ரசிகரும் கருவிகளும்

சங்க அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மை வழியில் நிறுத்தி, "உங்களுக்கெல்லாம் கைப்பேசியைத் தொட்டால் பாட்டு வருகிறது. ஒரு கச்சேரி கேட்க நாங்கள் பட்ட பாடு உமக்குத் தெரியுமா?" என்று வினவினார். தெரியும் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆயினும், கரமனையில் நம் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சங்கீத ரசிகர் என்பவர் எவ்வாறு மாறி வந்தார் என்பதை எழுதலாம் என்று தோன்றியது. அக்கதையில் நாம் செய்த குற்றம் ஒன்றும் அடங்கியுள்ளது.

நீலகண்ட சிவன் வாழ்ந்த ஊர் நம் கரமனை. அவர் 1900ஆம் ஆண்டில் மறைந்தார். நம் நாட்டில் கிராமபோன் ஒலிப்பதிவு தொடங்கியதோ 1902இல். இரண்டே ஆண்டு இடைவெளியில் அக்குரல் இசைத்தட்டுக்கு எட்டாமற் போயிற்று. எனினும் அவர் பாடல்கள் பஜனைகளில் வாய்வழியே வாழ்ந்தன. சிறுவயதில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த பாபநாசம் சிவன் அவற்றைக் கேட்டே வளர்ந்தார். அந்நாளில் ரசிகருக்குக் காதும் நினைவுமே கருவிகள்.

நம் பாட்டனாரும் அவ்வகையினரே. நவராத்திரி வந்தால், கிள்ளிப்பாலம் கடந்து சாலைக் கம்போளம் வழியே கோட்டைக்கு நடப்பார். நவராத்திரி மண்டபத்தில் மேற்சட்டையின்றி அமர்ந்து கேட்க வேண்டும், கைதட்டலாகாது. ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் கீர்த்தனங்கள் நாளுக்கொன்றாகப் பிரதானமாகப் பாடப்பெறும். முதல் நாள் சங்கராபரணம், எட்டாம் நாள் நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி என்று வரிசை மாறாது. கைதட்ட முடியாத குறையை அவர் திரும்பும் வழியிலே தீர்த்துக்கொள்வாராம். உடன் வருபவரோடு வாதம் செய்துகொண்டே வந்து, வீட்டுத் திண்ணையிலும் அதைத் தொடர்வாராம். பாட்டியார் கதவுக்குப் பின்னே நின்று கேட்டது அந்த வாதத்தைத்தான், சங்கீதத்தை அன்று.

அயல் வீட்டில் கிராமபோன் ஒன்று இருந்ததாம். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடமே ஓடும். ஆலாபனை மூச்செடுக்கும் முன்பே பாட்டு முடிந்துவிடும் என்று பாட்டனார் அதைப் பொருட்படுத்தவில்லை.

திருவிதாங்கூர் அரசு 1943இல் இந்நகரில் வானொலி நிலையம் தொடங்கியது. 1950இல் அதனை அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது. நம் வீட்டுக்கு ரேடியோ வந்தது அதற்கும் சில ஆண்டுகள் கழித்தே. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்டவேண்டியிருந்ததால், "பாட்டுக்கும் வரியா?" என்று பாட்டனார் தயங்கினாராம். அந்தப் பெட்டி வந்தபின்னரே பாட்டியார் ரசிகையானார். 1952 முதல் சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குத் தேசிய சங்கீத நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. அதற்குள் அடுக்களை வேலையை முடித்துவிடுவார். நவராத்திரி மண்டபக் கச்சேரியும் வானொலியில் வரத் தொடங்கியதும், காய் நறுக்கியபடியே ராகம் சொல்லுவார். பாட்டனாரைத் திருத்தியதும் உண்டாம். செம்மங்குடி சீனிவாசய்யர் 1963 வரை இவ்வூரிலேயே இசைக் கல்லூரி முதல்வராக இருந்தவர். அவரை ஒரு நாளும் நேரில் காணாமலே, அவர் குரலின் ஒவ்வொரு திருப்பத்தையும் பாட்டியார் அறிந்திருந்தார். கருவிகள் ரசனையைக் கெடுத்துவிட்டன என்று சொல்லும் அன்பர்களுக்கு நாம் முதலில் சொல்ல விரும்புவது இதுவே.

2006இல் பாறசாலை பொன்னம்மாள் அம்மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணியானார். அதைக் கேட்கப் பாட்டியார் இல்லை.

தந்தையார் காலம் டேப் ரிக்கார்டர் காலம். ரேடியோவின் எதிரே அதனை வைத்து, வீட்டாரெல்லாம் பேச்சடக்கி இருக்க, கச்சேரியைப் பிடித்துவைப்பார். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேசட்டைத் திருப்பவேண்டும். திருப்பும் நேரத்தில் பாட்டின் ஒரு துண்டு போய்விடும். அதற்காக அன்று முழுதும் வருந்துவார். பதிவு முடிந்ததும் கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவார். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு பாட்டுப் பதியாது.

அந்தத் துளையின்மேல் காகிதம் ஒட்டினால் மறுபடியும் பதியும் என்பது நமக்குப் பதினொன்றாம் வயதிலேயே தெரிந்திருந்தது. 1999ஆம் ஆண்டு, புதுக் கேசட் வாங்கக் கையில் காசில்லை. பெட்டியிலிருந்த ஒரு கேசட்டை எடுத்துச் சினிமாப் பாடல்களைப் பதிந்துகொண்டோம். அது பாட்டியார் உயிரோடிருந்த காலத்து எட்டாம் நாள் கச்சேரி என்பது பின்னரே தெரிந்தது. தந்தையார் அடிக்கவில்லை, வையவுமில்லை. அன்று முதல் அப்பெட்டிக்குப் பூட்டு வந்தது. அடித்திருக்கலாம்.

இன்று வேண்டிய வித்துவானை வேண்டிய நேரத்தில் கேட்கிறோம். நிலையத்தில் பணிக்கு இடையே, காதில் கருவியைச் செருகிக்கொண்டு ஓர் ஆலாபனை கேட்பதும் உண்டு (மேலதிகாரிகள் மன்னிப்பார்களாக). ஆனால் முழுக் கச்சேரியொன்றை எழுந்திராமல் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணினால் நாணம் வருகிறது. பத்து நிமிடத்தில் விரல் அடுத்ததற்குத் தாவுகிறது. கேட்டதைப் பற்றிச் சண்டை பிடிக்கத் திண்ணையில் ஆளும் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் கேசட்டுகளில் பூஞ்சை படர்ந்தது. எஞ்சியவற்றையேனும் காப்பாற்றலாமென்று அவற்றைக் கணினிக்கு மாற்ற முற்பட்டோம். நாம் கெடுத்த கேசட்டையும் ஓடவிட்டோம். நம் சினிமாப் பாடல்கள் வரிசையாக வந்தன. கடைசிப் பாட்டு அறுந்ததும், பதியாமல் விட்ட நான்கு நிமிடம் எஞ்சியிருந்தது. நாட்டைக்குறிஞ்சி, அதன் நடுவே கதவு அறையும் ஓசை, அதன்மேல் பாட்டியாரின் குரல்: "கதவை மெல்லச் சாத்துடா, நாட்டைக்குறிஞ்சி நடக்கறது! அடுப்பிலே பால் இருக்கு, போய்ப் பாரு."

இணையத்தில் அந்த ஆண்டுக் கச்சேரியைத் தேடினோம். நாட்டைக்குறிஞ்சி நிறையக் கிடைத்தது; அது கிடைக்கவில்லை. தந்தையாருக்கு இப்போது காது சற்று மந்தம். கைப்பேசியைச் செவியோடு ஒட்டிவைத்து மூன்று முறை கேட்டார். "கதவைச் சாத்தியது நான்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெட்டியின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மஸ்கட்டிலிருக்கும் நம் தமக்கையாருக்கும் அதனை அனுப்பினோம். பால் பொங்கிற்றா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.