சாரணியர் இயக்கத்தின் இனிய நினைவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1911-இல் ஜபல்பூரில் நம் தேசத்தில் முதன்முதலாக வேரூன்றி, 1951 ஆகஸ்டு 15 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கத்தோடு இணைந்த பெண் சாரணியர் இயக்கத்தில், பள்ளிப் பருவத்தில் அங்கத்தினராயிருந்த பாக்கியத்தை இன்றும் ஆனந்தத்தோடு நினைக்கிறேன். சிங்கவரம் குன்றில் பல்லவர் குடைந்த குகையிலே பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரைச் சேவிக்க வருவோருக்குத் தண்ணீர் கொடுத்ததும், அருகிலுள்ள ராஜகிரிக் கோட்டையின் செங்குத்தான படிகளில் இளையவர்களைக் கைபிடித்து ஏற்றியதும், சாரணியர் வழக்கப்படி இடக்கையால் கைகுலுக்கிச் சகோதரிகளென உணர்ந்ததும், வாசலைத் தாண்டத் தயங்கிய எங்களுக்குத் தைரியம் அளித்தன. இயக்கத்தில் பழகிய கயிற்று முடிச்சுகளோ, கிணற்று வாளிக்கு இன்றும் உதவுகின்றன! பெண் குழந்தைகளுக்கு இதனினும் சிறந்த பயிற்சியை நான் அறியேன். இவ்வட்டாரப் பள்ளிகள் யாவற்றிலும் சாரணியர் படை அமையக் கல்வி இலாகா ஆவன செய்யுமாறு தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகி, சிங்கவரம்.